ஹார்மண்ட்ஸ்வொர்த் பெருங்களஞ்சியம்: டார்ச் எடுத்துப் போங்கள்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, ஹார்மண்ட்ஸ்வொர்த் கிராமத்தில் இருக்கிறது இந்தப் பழைய மரக் களஞ்சியம். வின்செஸ்டர் கல்லூரி தன் பண்ணைத் தானியத்துக்காக 1426-27இல் கட்டியது; இப்போது பழங்காலக் கட்டடங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் வசம். நுழைவு இலவசம். சுமார் 58 மீட்டர் நீளம், பன்னிரண்டு அங்கணம் (அடுத்தடுத்த தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி), இரண்டு வரிசை ஓக் தூண்கள். மச்சு இல்லை, பூச்சு இல்லை. கட்டடத்தின் மர எலும்புக்கூடு முழுக்கத் திறந்து கிடக்கிறது. மரச்சட்டகக் கட்டுமானம் படிக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

நேரத்தைத் தூணின் தலையில் செலவிடுங்கள். தூண், நெடுக்கு உத்திரம், குறுக்கு விட்டம் மூன்றும் ஒரே புள்ளியில் சேர்கின்றன. இந்த வகைக் கட்டுமானத்தில் தூண் தலையில் இரண்டு நாக்குகள் (இன்னொரு மரத்தின் துளைக்குள் நுழையும் நீட்சிகள்) வெட்டுவார்கள். ஒன்றின் மேல் உத்திரம் உட்காரும். அதன்மேல் விட்டத்தை இறக்கும்போது இன்னொரு நாக்கு விட்டத்தின் துளைக்குள் போகும்; விட்டத்தின் அடியில் புறாவின் வால்போல விரிந்த வடிவில் வெட்டிய ‘புறாவால்’ பொருத்து உத்திரத்தைக் கவ்வும். கூரைப் பாரம் உத்திரங்களை வெளியே தள்ளாமல் பிடிப்பது இதுதான். இத்தனைக்கும் இடம் வேண்டுமே, அதனால் மரத்தின் பருத்த அடிப்பக்கம் மேலே வரும்படி தூணைத் தலைகீழாக நிறுத்துவார்கள்.

பலவீனமும் அங்கேதான். ஓக்கைப் பச்சையாகவே வேலை செய்வார்கள். காயும்போது அது நீளத்தில் சுருங்குவதில்லை, அகலத்தில் சுருங்கும். புறாவால் பொருத்து தளர்ந்து இடைவெளி விழும். பிறகு இழுவையைத் தாங்குவது நாக்கும் மர ஆணியும்தான். ஆணித் துளைகளை நேருக்கு நேர் போடாமல், நாக்கில் உள்ளதை மட்டும் 3 மில்லிமீட்டர் போலத் தோள் (நாக்கு தொடங்கும் இடத்து விளிம்பு) பக்கம் தள்ளிப் போடுவது வழக்கம். ஆணி இறங்க இறங்கப் பொருத்து இறுகும். அதிகம் தள்ளினால் ஆணி முறியும், இல்லையேல் நாக்கின் நுனி பிய்யும்.

தூணின் அடியையும் பாருங்கள். கல் மேல் நிறுத்தியிருப்பது ஈரம் ஏறாமலிருக்க. இப்படிப்பட்ட கட்டடங்களில் முதலில் உளுப்பது அடிதான். புது ஓக்கை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம். சுற்றிலும் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மிச்சத்தையும் தின்றுவிடும். சுண்ணாம்புக் காரைதான் சரி.

குறை என்றால் திறக்கும் நாட்கள் மிகக் குறைவு: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, மாதத்தில் இரண்டு ஞாயிறுகள். கிளம்பும் முன் தேதியைச் சரிபாருங்கள். உள்ளே வெளிச்சம் போதாது. பொருத்துகளும், எந்த மரம் எதோடு சேரும் என்று தச்சர்கள் கீறிவைத்த குறிகளும் தெரிய, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.