போஸ்ட்கிரெஸ் மீட்டெடுப்பு: ஏழாண்டு அனுபவம்

ஒரு சிறு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவுத்தளத்தை ஏழு ஆண்டுகளாகப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பராமரித்து வருகிறேன். அதன் பிஜி_டம்ப் கருவியைக் கொண்டு பேக்கப் எடுப்பதில் பெரிய தொல்லை இருந்ததில்லை. தொல்லையெல்லாம் அதை வேறொரு சர்வரில் பிஜி_ரீஸ்டோர் என்ற மீட்டெடுப்புக் கருவி மூலம் ஏற்றும்போதுதான் வந்தது.

புதிய சர்வரில் முதல்முறை ஏற்றியபோது, 'ரோல் இல்லை' என்ற பிழைச் செய்தி திரை நிறைய ஓடியது. ரோல் எனப்படும் பயனர் கணக்குகள் சர்வர் முழுவதற்கும் பொதுவானவை என்பதால் பிஜி_டம்ப் அவற்றை எடுப்பதில்லை. பிஜி_டம்ப்ஆல் கருவியால் அவற்றைத் தனியே எடுத்து, முதலில் ஏற்றிவிட வேண்டும். இது எளிதில் தீர்ந்தது.

அடுத்தது அப்படியல்ல. பிழை வந்தாலும் நிற்காமல் மேலே செல்வதும், கடைசியில் இத்தனை பிழைகள் புறக்கணிக்கப்பட்டன என்று ஒரே வரியில் சொல்லி முடித்துக்கொள்வதும் பிஜி_ரீஸ்டோரின் இயல்பு. ஒருமுறை அந்த எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. கடைசிப் பிழையிலிருந்து பின்னோக்கி ஆராய்ந்து அரைநாளை வீணாக்கிய பிறகே, மின்னஞ்சல் முகவரிகளுக்கு நாங்கள் பயன்படுத்திய, ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பாராத சிஐடெக்ஸ்ட் என்ற நீட்சி புதிய சர்வரில் நிறுவப்படவில்லை என்று தெரிந்தது. அதனால் டேபிள் உருவாகவில்லை. டேபிள் இல்லாததால் தரவு ஏறவில்லை. தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களும் பிற டேபிள்களுடனான தொடர்புகளும் அடுத்தடுத்து விழுந்தன. அந்த நீட்சி அடங்கிய கன்ட்ரிப் தொகுப்பை நிறுவியதும் அத்தனையும் மறைந்தன. அதன்பின் முதல் பிழையிலேயே நிற்கச் சொல்லும் 'எக்ஸிட் ஆன் எரர்' தெரிவு இல்லாமல் நான் ஏற்றுவதில்லை. இதுவே இயல்பிருப்பாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பதிப்பு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. தன்னைவிடப் புதிய பெரும்பதிப்புச் சர்வரிலிருந்து பேக்கப் எடுக்கப் பிஜி_டம்ப் மறுத்துவிடும். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லாப் தளத்தின் தரவு தவறுதலாக அழிக்கப்பட்டபோது, 9.6 சர்வருக்கு எதிராக 9.2 பிஜி_டம்ப் ஓடித் தோற்றுக்கொண்டிருந்ததும், அமேசானின் எஸ்3 இணையச் சேமிப்பகத்தில் பேக்கப் எதுவுமே இல்லாததும் அப்போதுதான் வெளிப்பட்டன. அதைப் படித்த அன்றே எங்கள் சர்வரில் பேக்கப் கோப்பின் அளவைப் போய்ப் பார்த்தேன்.

எல்லாம் சரியாக ஏறிய பின்னும் ஒரு மாதாந்தர அறிக்கை நிமிடக்கணக்கில் இழுத்தது. ஒரு வினவலை எவ்வழியில் விரைவாக நிறைவேற்றலாம் என்று போஸ்ட்கிரெஸ் திட்டமிடுவதற்குரிய புள்ளிவிவரங்கள் எங்கள் பதிப்பில் பேக்கப்புடன் வருவதில்லை. அவற்றைப் புதிதாகத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டிய பிறகு அறிக்கை பழைய வேகத்துக்குத் திரும்பியது.