தொம்சன் ஏ வைஸ்: கொடுவாய் மீனுக்கு ஃபிளை கட்டுகிறவர்கள் யோசித்து வாங்குங்கள்

பழைய தொம்சன் ஏ வைஸ் (ஃபிளை கட்டும்போது தூண்டில் முள்ளைப் பிடித்துவைக்கும் கருவி) ஒன்று கட்டும் சாமான்கள் உள்ள பெட்டியோடு விற்பனைக்கு வந்திருக்கிறது, விலையையும் குறைத்துவிட்டார்கள், வாங்கலாமா அண்ணன் என்று கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அதே வைஸில்தான் பல வருடங்களாக நானும் ஃபிளை, அதாவது முள்ளில் இறகும் மயிரும் சுற்றிச் செய்யும் போலி இரை, கட்டுகிறேன். என்னுடையது போன கிழமைதான் லேத் கடையிலிருந்து திரும்பி வந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய முள்ளை இது ஒழுங்காகப் பிடிக்காது. 2/0 அளவுப் பெரிய முள்ளை மாட்டி, தடித்த நூலால் இறுக்கிச் சுற்றினால், தாடைக்குள் முள் மெல்லச் சரியும். நிமிர்த்திவைத்து இன்னும் நாலு சுற்றுச் சுற்றினால் மறுபடியும் சரியும். தலைப்பக்கம் முடிச்சுப் போடும் நேரத்தில் சரிந்தால் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பிளந்த எஃகுத் தண்டு ஒன்றுதான் இதன் தாடை. பின்னாலுள்ள காம் நெம்பை, அதாவது மையம் விலகிச் சுழலும் துண்டு பூட்டிய கைப்பிடியை, அழுத்தினால் அந்தத் தண்டு ஒரு குழாய்க்குள் பின்னோக்கி இழுபடும், குழாயின் வாய் நெருக்குவதால் பிளந்த நுனி மூடி முள்ளைப் பிடிக்கும். முள்ளின் பருமன் மாறும்போதெல்லாம் தாடையைத் திருகி இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். மெல்லிய கம்பி என்றால் தாடையின் நுனி முழுதாகப் பொருந்தும். தடித்த கம்பியில் இரண்டு தாடைகளும் இணையாக நிற்காது, ஒரு புள்ளியில் மட்டும்தான் பிடி கிடைக்கும். நெம்பைப் பலமாக அழுத்தினால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். எஃகு நுனி தெறித்துவிடும்.

நியாயமாகப் பார்த்தால் வைஸைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்க ஆற்று மீன்களுக்கு, முக்கியமாக ட்ரௌட்டுக்கு, சின்ன முள்ளில் கட்டுகிறவர்களை நினைத்துச் செய்த சாமான் இது. நுவரெலியாப் பக்கம் ட்ரௌட்டுக்குக் கட்டுகிறவரிடம் கேட்டால் புகழ்ந்துதான் பேசுவார். நாங்கள் போவது மட்டக்களப்பின் கல்லடிக்கும் முகத்துவாரத்துக்கும். எங்களுக்கு வேண்டியது கொடுவாயும் பாரையும். அதற்குச் சின்ன முள் எப்படிப் போதும்?

அதிலும் நான் அதிகம் கட்டுவது க்ளௌசர் மினோ என்ற ஃபிளை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த பொப் க்ளௌசர் 1980களில் சஸ்குவெஹானா ஆற்று பாஸ் மீனுக்காக உருவாக்கியது. முள்ளின் தண்டில் ஈயக்கண் இரண்டைக் கட்டுவதால் தண்ணீருக்குள் முள் கவிழ்ந்து, கூர் மேலே பார்த்தபடி வரும். கல்லிலும் பாலத்தின் கால்களிலும் சிக்குவது குறையும். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் அடியில் தூண்டில் போட்டவருக்கு இதன் அருமை சொல்லாமலே தெரியும். ஆனால் கட்டும்போது முள்ளை ஒருமுறையாவது கவிழ்க்க வேண்டும். தாடை சுழலும் றோட்டரி வைஸில் முள்ளை அப்படியே திருப்பிவிடலாம். தொம்சனில் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்ட வேண்டும். மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிடியைத் தேட வேண்டும்.

பழுது பார்த்த கதை சுருக்கமாக. நெம்பின் காம் தேய்ந்து பிடி தளர்ந்துவிட்டது. லேத் கடைக்காரர் புதுக் காம் ஒன்றைக் கடைந்து தந்தார், அருமையான வேலை. அதற்கு முன் வேறொரு பட்டறையில் தாடையையே புதிதாகச் செய்வித்தேன். பதப்படுத்தாத மென்மையான இரும்பில் செய்துவிட்டார்கள், ஒரு பருவம் முடிவதற்குள் வாய் விரிந்துபோனது. தாடை என்றால் அசல் தாடைதான். கடற்காற்றுக்கு நிக்கல் பூச்சு உரிந்து அடியில் துரு பிடிக்கும். தையல் மெசின் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள், ஆனால் தாடையின் உட்பக்கத்தில் படாமல்.

சரி, இத்தனைக்கும் ஏன் வைத்திருக்கிறேன்? 6ஆம் இலக்கச் சின்ன முள்ளில் இறால் மாதிரி ஃபிளை கட்டும்போது இதைப்போல ஒரு சாமான் கிடையாது. தாடை நுனி ஒடுங்கியிருப்பதால் விரலுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். நெம்பை அழுத்தியதும் முள் அசையாமல் நிற்கும், நூல் எவ்வளவு இறுகுகிறது என்பது விரலிலேயே தெரியும். சேவல் இறகின் நார்களைச் சுற்றிவர விரித்து முடிக்கும்போது மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும். புது வைஸ்களில் எனக்கு அந்த உணர்வு வரவில்லை.

பெட்டிக்குள் இருப்பவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவிலுள்ள மச்சான் எனக்குக் கொண்டுவந்த பெட்டியில் பொபினும் (நூல் பிடிக்கும் கருவி) ஹக்கிள் பிளையரும் (இறகைப் பிடித்துச் சுற்றும் சின்னக் கிடுக்கி) புதிதுபோல இருந்தன. பட்டுநூல் தொட்டதும் அறுந்தது. உலோக டின்சல் (மினுங்கும் இழை) கறுத்திருந்தது. இறகுகளைப் பூச்சி அரித்திருந்தது. பழைய இறகுத்தோல் எதுவாக இருந்தாலும் மூடிய பையில் கட்டித் தனியாக வையுங்கள், பூச்சி மற்றதற்கும் பரவும். முன்பு பறவைத்தோல் பதப்படுத்த ஆர்சனிக் பாவித்த வழக்கமும் உண்டு, வெறுங்கையால் தொடாதீர்கள். பழைய முறையில் ஃபிளைக்குக் கண் வைக்க இந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகைக் கட்டுவார்கள். அதற்காக எங்கள் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியின் இறகைத் தேடிப் போக வேண்டாம். வீட்டுச் சேவல் இறகு, ஆட்டுமயிர், தையல் கடை ஜரிகை, க்யூடெக்ஸ் (நகப்பூச்சு), இவ்வளவும் போதும். கொடுவாய் இவற்றுக்கு நன்றாகவே எடுக்கிறது.

ஆகவே தம்பி, இதை வாங்க வேண்டாம். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். நீங்கள் கட்டப்போவது வாவி மீனுக்கு. காசைச் சேர்த்து றீகல் வைஸ் மாதிரி ஒன்றை எடுங்கள். அதில் நெம்பை அழுத்தினால் தாடை திறக்கும், விட்டால் வில்லின் பலத்தில் தானாகவே பிடிக்கும். முள் பெரிதோ சிறிதோ, திருகிச் சரிசெய்யும் வேலையே இல்லை.

அப்புறம், அந்த விளம்பரத்தில் உள்ள வைஸின் தாடை நுனியைக் கிட்ட வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தெறிப்பு இல்லாமல் அசலாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.