செயின் கடையில் சம்பளமா, சொந்த மெடிக்கலா? பார்மசிஸ்ட்கள் பெருகிவிட்ட காலத்தில் ஓர் அலசல்

டி.பார்மோ பி.பார்மோ முடித்துப் பதிவு வாங்கியவர் முன்னால் தமிழ்நாட்டில் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. செயின் மெடிக்கலில் வேலைக்குச் சேரலாம், சொந்தக் கடை போடலாம், சர்டிபிகேட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டு, அதாவது இன்னொருவர் கடை லைசென்ஸுக்குப் பெயரை மட்டும் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு, வேறு வேலை பார்க்கலாம். நான் சொந்தக் கடையைத் தேர்ந்தவன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். தாலுகா அளவு ஊர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். சென்னை, கோவை வாடகைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஆள் பெருகியதைத் தடுக்க முயற்சி நடக்காமல் இல்லை. 2020-21 முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுக் கல்லூரி வேண்டாம் என்று இந்திய பார்மசி கவுன்சில் 2019இல் முடிவெடுத்தது. வெறும் தீர்மானத்தால் அப்படித் தடுக்க முடியாது, அதற்குச் சட்டம் வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதோடு அந்தக் கதவு திறந்துவிட்டது. டி.பார்ம் முடித்தவர்கள் பதிவுக்கு முன் எழுத வேண்டிய எக்ஸிட் தேர்வு தரத்தைக் கொஞ்சம் வடிகட்டும். எண்ணிக்கை அதனால் குறையும் என்று நான் நம்பவில்லை.

செயின் கடை வேலையில் சரக்கு, பில், குறிப்பிட்ட சில மருந்துகளின் விற்பனையைத் தனியே எழுதும் ஹெச்1 பதிவேடு, டாக்டர் கையெழுத்து எல்லாம் பழகும். கைமுதல் தேவையில்லை. ஆனால் நீங்கள் விலகினால் அடுத்த வாரமே வேறு ஆள் கிடைப்பார் என்பது முதலாளிக்குத் தெரியும், அதனால் சம்பளம் நகராது. இரண்டு வருடம் தொழில் கற்க நல்ல இடம், அவ்வளவுதான். அரசு வேலைக்கு, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்ஆர்பி நடத்தும் தேர்வை எழுதுங்கள். 35,400 ரூபாயில் தொடங்கும் சம்பள விகிதத்துக்கு இணை வெளியில் கிடைப்பது அரிது. அறிவிப்பு எப்போது வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க மட்டும் வேண்டாம்.

சர்டிபிகேட் வாடகையை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. மருந்துச் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்டின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்கிறது மருந்து விதிகளின் 65ஆம் விதி. கடையில் யாரோ ஒரு பையன் தூக்க மாத்திரையைத் தவறாகக் கொடுத்தாலும் ஆய்வாளர் தேடுவது உங்கள் பெயரைத்தான். ஆள் பெருகப் பெருக அந்த வாடகையும் இறங்குகிறது. போதாததற்கு, உங்கள் பெயர் இன்னொருவர் லைசென்ஸில் இருக்கும்வரை உங்கள் பெயரையே பார்மசிஸ்டாகக் காட்டி உங்களுக்கென்று கடை போடவும் முடியாது.

இனி சொந்தக் கடை. சில்லறை விற்பனைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம், ஃபிரிட்ஜ், 20, 21ஆம் படிவ லைசென்ஸ், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம். இதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். கடை நிற்பதும் விழுவதும் எக்ஸ்பயரி சரக்கில்தான் என்பதைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்குச் சில்லறைக்காரர் லாபம் 16 சதவீதம். ஜிஎஸ்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 100 ரூபாய்க்கு வாங்கிய அட்டையின் உச்ச விலை 116. தெருவில் நான்கு மெடிக்கல் வந்தபின் எல்லோரும் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள், நீங்களும் தர வேண்டியிருக்கிறது. 11.60 போனால் கையில் நிற்பது 4.40. இப்போது ஓர் அட்டை ரிட்டர்ன் போகாமல் அலமாரியிலேயே காலாவதியானால் 100 ரூபாய் நஷ்டம். அதை ஈடுகட்ட அதே மருந்தில் இன்னும் 23 அட்டை விற்றாக வேண்டும். தள்ளுபடி இல்லாத காலத்தில் ஏழு அட்டை போதும். பார்மசிஸ்ட் பெருக்கம் கடைக்காரரை அடிக்கும் இடம் இதுதான். பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளில் உச்ச விலையில் 20 சதவீதம் கிடைப்பது வழக்கம் என்பதால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஆகவே வாங்கும்போதே கை கட்டுப்பட வேண்டும். பத்துக்கு ஒன்று இலவசம் என்று மருந்துக் கம்பெனியின் ரெப் ஸ்கீம் நீட்டுவார். அந்த பிராண்டை எழுதும் டாக்டர் ஊர் மாறினால் பத்தும் தேங்கிவிடும். பத்து நாள் விற்பனைக்கு மேல் எதையும் வாங்காதீர்கள். மாதம் ஒருமுறை அலமாரி முழுக்கப் பார்த்து, இன்னும் மூன்று மாதத்தில் காலாவதியாகப் போவதைத் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள், பில் எண்ணோடு எழுதி வையுங்கள். அட்டையை வெட்டும்போது பேட்ச் எண்ணும் தேதியும் உள்ள முனை கடைசிவரை கடையில் இருக்கட்டும். வெட்டிய அட்டையை, நமக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரிகளான ஸ்டாக்கிஸ்ட்கள் பலர் திரும்ப எடுப்பதில்லை, எடுத்தாலும் கிரெடிட் நோட்டில் கழித்துக்கொள்கிறார்கள். கணக்கு தொடங்கும் முன்பே ரிட்டர்ன் நிபந்தனையைக் கேட்டுவிடுங்கள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஆகவே ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் கட்டாயம்.

நெருக்கடி வரும்போது சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கச் சொல்லி மனம் இழுக்கும். நான் மறுத்தால் எதிர்க் கடையில் வாங்கிக்கொள்வார் என்பது உண்மைதான். அப்போதும் மறுக்கத்தான் வேண்டும். படித்தவர் கல்லாவில் நிற்பதற்கு வேறு காரணம் இல்லை.

கைமுதல் குறைவாக உள்ளவர்களுக்கு, பிராண்டு பெயரில்லாத ஜெனரிக் மருந்துகளைக் குறைந்த விலைக்கு விற்கும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் திட்டம் இருக்கிறது. பார்மசி படித்த தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் வரை மானியம். சேரும் முன் அக்கம்பக்கத்து டாக்டர்கள் மருந்துச் சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் மருந்தை பிராண்டு பெயரில் எழுதியிருந்தால், அதே மூலக்கூறுள்ள ஜெனரிக்கை மாற்றிக் கொடுக்க விதி இடம் தரவில்லை. ஜெனரிக் பெயரில் எழுதும் மருத்துவர்கள் அருகில் இருக்கும் ஊரில் இது நடக்கும். பிராண்டு பெயரே ஓடும் தெருவில் சாதாரண மெடிக்கல்தான் சரி.