விறகு அடுப்பைச் சுற்றிப் பிரிக் ஸ்லிப்: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

இங்கிலாந்தின் பழைய வீடுகளில் அடைபட்டுக் கிடந்த கணப்பிடத்தைத் திறந்து விறகு அடுப்பு வைப்பவர்கள், கரிபிடித்துச் சிதைந்த உட்சுவரை மறைக்கப் பெரும்பாலும் நாடுவது பிரிக் ஸ்லிப் எனப்படும் மெல்லிய செங்கல் வில்லைகளைத்தான். நாங்கள் வாங்கியவை சுட்ட செங்கல்லிலிருந்து அறுத்தெடுத்தவை. முகப்பு 215க்கு 65 மில்லிமீட்டர், தடிமன் 20 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பதித்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 வில்லைகள் பிடிக்கும். நிறம் வில்லைக்கு வில்லை மாறுவதும், ஓரங்களில் சூளையின் கருமை படிந்திருப்பதும் கட்டிய சுவரின் தோற்றத்தையே தருகின்றன. பொருளின் தரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் விற்பனையாளர் தந்த குறிப்பில் மிக முக்கியமான ஒன்று விடுபட்டிருந்தது: வில்லைகளுக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்பது. ஜிப்சம் பூச்சு சதுர மீட்டருக்கு 20 கிலோ வரைதான் தாங்கும். செங்கல் வில்லைகளின் எடை அதைவிட மிகுதி. தொடர்ந்து சூடேறினால் ஜிப்சம் தன்னுள் இருக்கும் நீரை இழந்து பொடிந்தும் போகும். ஆகவே பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, தீப்பிடிக்காத, வெப்பம் தாங்கும் கால்சியம் சிலிகேட் பலகையைச் சுவரில் திருகி, அதன்மேல் வெப்பம் தாங்கும் பசையால் ஒட்டுவதே சரியான முறை. மரச்சட்டச் சுவரின்மேல் வில்லை பதித்துவிட்டால் அது தீப்பிடிக்காத சுவராகிவிடும் என்று நம்புவது ஆபத்தானது. செங்கல் வழியே வெப்பம் கடந்து உள்ளிருக்கும் மரத்தைச் சென்றடையும். அதோடு, வில்லையும் பசையும் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 25 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்வதால், அடுப்பைச் சுற்றி விடவேண்டும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியை, பதித்து முடித்த பரப்பிலிருந்தே அளக்க வேண்டும்.

இடைவெளிகளில் சாந்து நிரப்பும் வேலைதான் சுவரின் அழகைத் தீர்மானிக்கிறது. கூம்புப் பையில் சாந்தை நிரப்பி, ஜாங்கிரி பிழிவதைப்போல் ஒரே சீராகப் பிழிந்து, விரலால் தொட்டால் ஒட்டாமல் உதிரும் பதம் வரும்வரை காத்திருந்து, பிறகே தேய்த்துத் தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே பஞ்சால் துடைத்தால் சுண்ணாம்பு செங்கல்லின் நுண்துளைகளில் இறங்கி வெண்படலமாகத் தங்கிவிடும்.

மூலைக்கான வளைந்த துண்டுகள் சில விளிம்பு உடைந்து வந்தன. அவற்றை மட்டும் கூடுதலாக வாங்கிக்கொள்வது நல்லது. அடுப்பையும் புகைபோக்கியையும் ஹெடாஸ் (விறகு அடுப்பு பொருத்துவோரைப் பதிவு செய்யும் பிரிட்டன் அமைப்பு) பதிவு பெற்றவர் பொருத்துவதானால், வில்லை பதிக்கும் முன்பே அவரை அழைத்துச் சுவரைக் காட்டிவிடுங்கள்.