கேசியோ 991ஈஎஸ் பிளஸ்: ஒரு பொத்தானுக்கான விமர்சனம்

இந்தக் கால்குலேட்டரில் நானூறுக்கும் மேற்பட்ட வசதிகள் இருக்கின்றன. மேட்ரிக்ஸ், இன்டெக்ரேஷன் எல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று இன்ஜினியரிங் பிள்ளைகள் சொல்வார்கள். நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவன். எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். ஓர் எண்ணை அடித்துச் சமக்குறி போட்டு, ஷிஃப்டை அழுத்தி, பாகை-நிமிடம்-விநாடி பொத்தானைத் தட்டினால் அது பகாக் காரணிகளாகப் பிரிந்துவிடும். பத்து இலக்க எண் வரை போடலாம்.

நான் முதலில் போட்ட எண் 4294967297. அதாவது 2-இன் 32-ஆவது அடுக்கு, கூடவே ஒன்று. 1, 2, 4, 8, 16 என்ற அடுக்குகளுக்கு இதே மாதிரி கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். அதனால் இதுவும் பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் இதை 641-ஆல் மீதியில்லாமல் வகுத்துக் காட்டினார். கால்குலேட்டரும் அதையே சொன்னது: 641, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 6700417.

இந்த அடைப்புக்குறியில்தான் விஷயம் இருக்கிறது. பலரும் அதைப் பகா எண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'இதற்குமேல் என்னால் பிரிக்க முடியவில்லை' என்பது மட்டுமே அதன் பொருள். மூன்று இலக்கம் வரையிலான பகாக் காரணிகளைத்தான் இது முழுதாகத் தேடும், கையேட்டிலேயே போட்டிருக்கிறது. 1022117-ஐப் போட்டால் அடைப்புக்குறிக்குள் அப்படியே திரும்பி வரும், ஆனால் அது 1009 × 1013. 2147483647-உம் அதே கோலத்தில்தான் வரும், அதுவோ அசல் பகா எண். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்படியானால் 6700417? அதை நாமே முடித்துவிடலாம். 4294967297-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும் என்பது ஆய்லர் கண்ட வழி. 641 என்பதே 64 × 10 + 1 தானே! 6700417-ஐ வகுக்கும் எண் 4294967297-ஐயும் வகுக்கும், அதனால் இந்த விதி அதற்கும் பொருந்தும். 6700417 பகா எண் இல்லையென்றால் அதன் வர்க்கமூலத்துக்குள்ளேயே ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். அந்த வர்க்கமூலம் 2588-ஐக் கொஞ்சம் தாண்டும். ஆயிரத்துக்குக் கீழே கால்குலேட்டர் ஏற்கெனவே தேடிப் பார்த்துவிட்டது. ஆயிரத்திலிருந்து 2588 வரை இந்த வடிவத்தில் இருக்கும் பகா எண்கள் 1153, 1217, 1409, 1601, 2113 மட்டுமே. (நம்ம ராமானுஜனின் 1729-உம் வரிசையில் வந்து நிற்கும். ஆனால் அது 7 × 13 × 19, தேவையில்லை.) ஐந்து முறை வகுத்துப் பாருங்கள், ஐந்திலும் தசமம் வரும். ஆக, 6700417 பகா எண். பாதி வேலையைக் கருவியும் மீதியைப் பிள்ளையும் செய்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குறை என்றால், திரையில் பத்து இலக்கம்தான். 2-இன் 40-ஆவது அடுக்கைக் கேட்டால் வால் தெரியாது. அதற்கும் வழி உண்டு: விடையிலிருந்து 1099511000000-ஐக் கழித்தால் மிச்சம் 627776 என்று கடைசி இலக்கங்கள் வந்துவிடும். உள்ளே பதினைந்து இலக்கம் வரை வைத்துக்கொள்கிறது. அதையும் தாண்டிப் போகிறவர்கள் கம்ப்யூட்டரிடம் போகட்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். கையேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.