ஈசியில் வில்லங்கம் இல்லையா? ஒரிஜினல் பத்திரம் எங்கே என்று கேளுங்கள்

தமிழ்நாட்டில் மனை வாங்குபவர்கள் திரும்பத் திரும்ப மாட்டும் மோசடி இது. விற்பவர் 30 வருட ஈசியை (வில்லங்கச் சான்று) காட்டுவார், அதில் கடன் எதுவும் இருக்காது. ஒரிஜினல் பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலக நகலையும் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற போலீஸ் சான்றையும் நீட்டுவார். கிரயம் முடிந்து, பட்டாவும் மாறி, வீடு கட்டியபின் கேட்டில் சொத்தைக் கையகப்படுத்தும் வங்கியின் சுவாதீன நோட்டீஸ் ஒட்டியிருக்கும். தொலைந்த பத்திரம் அத்தனை வருடமும் வங்கியில்தான் இருந்திருக்கிறது.

ஈசியில் ஏன் வரவில்லை? பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனைப் பதிவு செய்வது இங்கே கட்டாயமானதே 2012 கடைசியில்தான். அதற்கு முந்தைய அடமானம் பல ஈசியில் ஏறவே இல்லை. பதிவான ஆவணம் மட்டுமே ஈசியில் வரும். பதிவாகாத உயிலோ வாய்மொழிப் பாகப்பிரிவினையோ வராது. உட்பிரிவான புது சர்வே எண்ணுக்கு மட்டும் ஈசி போட்டுக் கொடுக்கும் புரோக்கர்களும் உண்டு. பழைய எண்ணையும் சேர்த்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

தொலைந்தது என்ற பேச்சு வந்தாலே அட்வான்ஸை நிறுத்துங்கள். வங்கிகள் அடமானங்களைப் பதியும், 2011-லிருந்து இயங்கும் செர்சாய் (CERSAI) என்ற மத்திய பதிவேட்டில் கட்டணம் கட்டி, சொத்தின் பெயரில் அடமானம் இருக்கிறதா என்று யாரும் தேடலாம். அதில் இல்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். கந்துவட்டிக்காரரிடம் இருக்கும் பத்திரம் அங்கேயும் தெரியாது.

ஈசியில் 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு இருந்தால், அந்தக் கடனை அடைத்து முடித்த ரசீதும் பதிவாகி ஈசியில் வந்திருக்க வேண்டும். வங்கி கொடுத்த 'பாக்கி இல்லை' கடிதம் மட்டும் போதாது. கடன் நிலுவை இருந்தால் அந்தத் தொகைக்கு வங்கி பெயரிலேயே டிடி எடுங்கள், விற்பவர் கையில் கொடுக்காதீர்கள்.

அடுத்த பள்ளம் பணத்தில். 7 சதவீத முத்திரைத்தீர்வை, 2 சதவீத பதிவுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க அரசின் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டு, மீதியை ரொக்கமாகக் கொடுப்பார்கள். பிறகு கோர்ட்டில் பணத்தைத் திருப்பிக் கேட்டால், பத்திரத்தில் உள்ள தொகையைத் தாண்டி நிரூபிப்பது பெரும்பாடு. ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீத டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்டுவதும் வாங்குபவர் பொறுப்பு.

நோட்டீஸ் ஏற்கெனவே ஒட்டப்பட்டுவிட்டதா? வங்கி மேனேஜரிடம் நடந்து நாளைக் கடத்தாதீர்கள். கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான் அவகாசம்.