ராதெரப்பி: எக்ஸ்போர்ட்டைத் தள்ளிப்போடத் தெரிந்த மென்பொருள்

பறவைப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு காலைப் பொழுதில் நானூறு ரா ஃபைல் (கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) சேர்வது சாதாரணம். கழித்துக்கட்டினாலும் நூறு மிஞ்சும். அந்த நூறையும் எடிட் செய்து, ஜேபெக் மாதிரி படங்களாக மாற்ற மொத்தமாக எக்ஸ்போர்ட் கொடுத்தால் என் லேப்டாப் படுத்துவிடும். ஃபேன் இரையும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி யோசித்துவிட்டு வரும். டைப் செய்த எழுத்துகள் கொஞ்ச நேரம் காணாமல் போய், பிறகு கும்பலாக வந்து விழும். காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில் இரண்டு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். ஆறு மாதமாக ராதெரப்பி என்ற ரா எடிட்டர். இலவசம். லேப்டாப் அதேதான், 8 ஜிபி ராம்.

இது வேகமான மென்பொருள் என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டை இது தொடுவதே இல்லை, எல்லாக் கணக்கும் ப்ராசஸர் தலையில்தான். ஒரு படத்தை முடிக்க முன்பு ஆன நேரம்தான் கிட்டத்தட்ட இப்போதும் ஆகிறது. என்னை மாற்றியது இதன் க்யூ, அதாவது எக்ஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கும் படங்களின் வரிசை.

ஒரு படத்தைத் திருத்தி முடித்ததும் கன்ட்ரோல்-பி (Ctrl+B). படம் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும், வேறெதுவும் நடக்காது. (க்யூ பக்கத்தில் ஆட்டோ-ஸ்டார்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் டிக் இருந்தால் உடனே ஓட ஆரம்பித்துவிடும். முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள்.) நான் அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். ப்ராசஸர் முழுக்க என் ஸ்லைடருக்கே கிடைக்கிறது. உட்கார்ந்த வேலையெல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது க்யூவைத் தட்டிவிடுவேன். ஒரு படம் முடிந்தபின்தான் அடுத்ததை எடுக்கும்.

இந்த ஒவ்வொன்றாக என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ராதெரப்பி உள்ளே 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட்டில் கணக்குப் போடுகிறது. அதாவது ஒரு பிக்சலுக்கு மூன்று நிறம், நிறத்துக்கு 4 பைட். 24 மெகாபிக்சல் படம் என்றால் 288 எம்பி, அதுவும் ஒரே ஒரு நகலுக்கு. நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான பிசிறு) குறைக்க, ஷார்ப்பன் பண்ண என்று நடுவில் இன்னும் சில நகல்கள் வேண்டும். நாலு படத்தை ஒரே சமயத்தில் ஓட்டினால், கூடவே பிரௌசரில் முப்பது டேபும் திறந்திருந்தால், 8 ஜிபி எந்த மூலைக்கு? ராமில் இடம் இல்லாததை டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்க ஆரம்பிக்கும். என் லேப்டாப் உறைந்துபோனதெல்லாம் இதனால்தான். இத்தனை நாளும் பாவம் ப்ராசஸரைத் திட்டிக்கொண்டிருந்தேன். டாஸ்க் மேனேஜரில் மெமரி வரியை ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

க்யூ ஓடும்போதே வேறு வேலை பார்க்க வேண்டியிருந்தால், டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ராதெரப்பி மேல் ரைட் கிளிக் செய்து முன்னுரிமையை பிலோ நார்மலுக்கு இறக்கிவிடுவேன். லினக்ஸ்காரர்களுக்கு இதற்கே நைஸ் (nice) என்ற கட்டளை இருக்கிறது. மற்ற வேலை வந்தால் எக்ஸ்போர்ட் ஒதுங்கி வழிவிடும். ராம் நிறைந்துவிட்டால் மட்டும் இந்த வித்தை பலிக்காது. இன்னொன்று, 16 பிட் டிஃப் (TIFF, ஜேபெக்கைவிட அதிக விவரம் தாங்கும் பெரிய ஃபைல்) ஆசை எனக்கும் இருந்தது. சுருக்காமல் எழுதினால் படத்துக்கு 144 எம்பி, நூறு படத்துக்கு 14 ஜிபிக்கு மேல். இப்போது பிரின்ட்டுக்குப் போகும் ஒன்றிரண்டுக்குத்தான் டிஃப், மற்றதெல்லாம் ஜேபெக்.

குறை இல்லாமல் இல்லை. முதல் வாரம் அந்தப் பேனல்களைப் பார்த்தாலே தலை சுற்றும். ஒரே வேலைக்கு நாலு கருவி இருக்கும், எதை விட்டு எதைத் தொடுவது என்று தெரியாது. சில கருவிகளின் விளைவைப் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால்தான் பார்க்க முடியும். அப்புறம், க்யூவில் போட்ட நொடியில் இருந்த திருத்தங்கள்தான் க்யூவுக்குத் தெரியும். ஒரு மீன்கொத்தியை வரிசையில் போட்டுவிட்டு, திரும்பிப் போய் வொயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்வது) மாற்றினேன். வெளியே வந்தது பழைய மஞ்சள் மீன்கொத்தி. மாற்றினால் மறுபடி கன்ட்ரோல்-பி அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு ராத்திரி எழுபது படத்தை ஓடவிட்டுப் படுத்தேன். சார்ஜரைச் செருக மறந்துவிட்டேன். காலையில் திரை கறுப்பு. போச்சு, எல்லாவற்றையும் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சார்ஜரை மாட்டித் திறந்தால், முடிந்த படங்கள் ஃபோல்டரில் இருந்தன, மீதி நாற்பத்து மூன்றும் க்யூவில் அப்படியே வரிசையாக நின்றன. ஸ்டார்ட்டைத் தட்டிவிட்டுப் பல் தேய்க்கப் போனேன்.